சராசரியை நம்பி ஓய்வு பெறலாமா?

ஓய்வு பெறும் நாளில் ஒருவர் கையில் 50 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., கிராச்சுவிட்டி, எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாம் சேர்ந்த தொகை. முழுவதையும் பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் போடுகிறார். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வீட்டுச் செலவுக்கு 4 லட்சம் எடுத்துக்கொள்கிறார். மாதத்துக்கு முப்பத்து மூவாயிரம் சொச்சம். ஆடம்பரம் எதுவும் இல்லை. மருந்து, மளிகை, மின்கட்டணம், பண்டிகைக்குப் பேரப்பிள்ளைகளுக்குத் துணிமணி, அவ்வளவுதான்.

அடுத்த பத்து ஆண்டுகளில் சந்தை இப்படிப் போகிறது. முதலாண்டு 30 சதவீதம் இறக்கம். இரண்டாமாண்டு 20 சதவீதம் இறக்கம். அதன்பின் எல்லாம் ஏற்றம்தான்: 5, 10, 10, 15, 15, 20, 20, 25 சதவீதம். பத்து எண்களையும் கூட்டி வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி 7 சதவீத ஏற்றம் வருகிறது.

இன்னொருவரும் அதே 50 லட்சத்தோடு ஓய்வு பெறுகிறார். அவரும் ஆண்டுக்கு 4 லட்சம் எடுக்கிறார். அவருக்கும் அதே பத்து எண்கள்தாம், ஆனால் தலைகீழாக. 25 சதவீத ஏற்றத்தில் தொடங்குகிறது, கடைசி இரண்டு ஆண்டுகளில் இறக்கம் வருகிறது. சராசரி அதே 7 சதவீதம்.

பத்தாம் ஆண்டு தொடங்கும்போது முதலாமவரின் கணக்கில் இருப்பது இரண்டரை லட்சம். அந்த ஆண்டுச் செலவுக்கே அது போதாது. இரண்டாமவரோ பத்து ஆண்டும் தவறாமல் 4 லட்சம் எடுத்து, கடைசி இரண்டு ஆண்டுச் சரிவையும் தாங்கி, பத்தாம் ஆண்டு முடிவில் 48 லட்சத்தோடு இருக்கிறார். பென்சிலும் தாளும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் 4 லட்சத்தைக் கழித்து, மீதியை அந்த ஆண்டின் ஏற்ற இறக்கத்தால் பெருக்கிக்கொண்டே போனால் போதும்.

இருவரும் போட்ட பணம் ஒன்று, எடுக்க நினைத்த பணம் ஒன்று, சந்தை தந்த எண்களும் ஒன்று. மாறியது வரிசை மட்டும். ஒருவரின் அசல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, இன்னொருவர் எழுபது வயதில் பிள்ளைகளிடம் கை நீட்டி நிற்கிறார்.

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குச்சந்தைக்கு மாற்றுவது பற்றிப் பேசும்போது, 'சந்தை விழுந்துவிடுமோ' என்பதுதான் நம் அச்சமாக இருக்கிறது. விழுவது உண்மை, மீள்வதும் உண்மை. அதைவிடப் பெரிய ஆபத்து எப்போது விழுகிறது என்பதில் இருக்கிறது. நிதி ஆலோசகர்கள் இதை வரிசை ஆபத்து என்கிறார்கள். சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்த ஆபத்து முழுவதும் மறைந்துபோகிறது. பணம் போடச் சொல்பவர் நம்மிடம் காட்டுவதோ பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணைத்தான்.

பெருக்கலுக்கு நடுவே ஒரு கழித்தல்

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்துதான். சந்தையின் ஏற்ற இறக்கம் என்பது பெருக்கல். 30 சதவீத இறக்கம் என்றால் 0.7-ஆல் பெருக்கல், 25 சதவீத ஏற்றம் என்றால் 1.25-ஆல் பெருக்கல். நாம் பார்த்த இருவரும் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் விட்டிருந்தால், பத்தாம் ஆண்டு முடிவில் இருவர் கணக்கிலும் சரியாக ஒரே தொகை, சுமார் 84 லட்சத்து 68 ஆயிரம் இருந்திருக்கும். தொடாத பணத்துக்கு வரிசை ஒரு பொருட்டே அல்ல.

பெருக்கலுக்கு நடுவே கழித்தல் நுழைந்ததும் கணிதத்தின் இந்தச் சமத்துவம் உடைகிறது. சின்னக் கணக்கு ஒன்றில் இதை அருகில் வைத்துப் பார்க்கலாம். 40 லட்சம் இருக்கிறது. முதலாண்டு பாதியாகிறது, இரண்டாமாண்டு இரட்டிப்பாகிறது. நடுவில் 4 லட்சம் எடுக்கிறோம். 40 பாதியாகி 20. அதில் 4 போக 16. அது இரட்டிப்பாகி 32. இப்போது வரிசையை மாற்றுவோம். 40 இரட்டிப்பாகி 80. அதில் 4 போக 76. அது பாதியாகி 38. இரண்டே ஆண்டில், ஒரே ஒரு முறை எடுத்ததில், 6 லட்சம் வேறுபாடு. இரண்டாம் வரிசையில் நாம் எடுத்த 4 லட்சம், பாதியாகப் போகிற பணத்திலிருந்து எடுத்தது. எப்படியும் 2 லட்சமாகச் சுருங்கியிருக்கும். முதல் வரிசையில் எடுத்த 4 லட்சமோ இரட்டிப்பாகக் காத்திருந்த பணம். எடுத்தது 4 என்று தோன்றினாலும் இழந்தது 8.

சராசரிக்கு இன்னொரு குறையும் உண்டு. 100 ரூபாய் 50 சதவீதம் ஏறி, பிறகு 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்யம். ஆனால் கையில் இருப்பது 75 ரூபாய். 20 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். 50 சதவீதம் இறங்கினால் 100 சதவீதம் ஏற வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, ஏற வேண்டிய உயரம் அதைவிட வேகமாகக் கூடிக்கொண்டே போகிறது. செலவுக்கும் பணம் எடுத்துக்கொண்டே ஏற வேண்டும் என்றால் அந்த உயரம் இன்னும் கூடும்.

யூனிட் எங்கே போகிறது?

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் எடுக்கும் ஏற்பாட்டை எஸ்.டபிள்யூ.பி. என்கிறார்கள். மாதம் 30,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. பார்ப்பதற்குப் பென்ஷன் போலவே இருக்கிறது. பின்னணியில் நடப்பது வேறு. ஒவ்வொரு மாதமும் நம் யூனிட்டுகளில் சில விற்கப்படுகின்றன.

ஒரு யூனிட்டின் விலை 100 ரூபாயாக இருந்தபோது 50 லட்சம் போட்டவரிடம் 50,000 யூனிட் இருக்கும். மாதம் 30,000 ரூபாய்க்கு 300 யூனிட் விற்றால் போதும். சந்தை சரிந்து யூனிட் விலை 60 ஆகிவிட்டால் அதே 30,000 ரூபாய்க்கு 500 யூனிட் விற்க வேண்டும். இந்த நிலை இரண்டு ஆண்டு நீடித்தால் 7,200-க்குப் பதில் 12,000 யூனிட் போயிருக்கும். பிறகு சந்தை மீள்கிறது, யூனிட் மீண்டும் 100 ரூபாய் ஆகிறது. செய்தித்தாள்கள் 'சந்தை முழுமையாக மீண்டது' என்று எழுதும். சந்தை மீண்டது உண்மைதான். இவருடைய கணக்கு மீளவில்லை. கூடுதலாக விற்ற 4,800 யூனிட் அவரிடம் இல்லை. அவற்றின் இன்றைய மதிப்பு 4 லட்சத்து 80 ஆயிரம். விதைநெல்லை எடுத்து உலை வைத்துவிட்ட வீட்டுக்கு, அடுத்த ஆண்டு எவ்வளவு நல்ல மழை பெய்தும் பயனில்லை.

'பொறுமையாக இருங்கள், சந்தை எப்படியும் திரும்பி வரும்' என்ற அறிவுரை சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும். அவருக்கு அடுத்த மாதச் சோறு சம்பளத்திலிருந்து வருகிறது. ஓய்வு பெற்றவருக்குப் பொறுமை என்பது குணம் சார்ந்த விஷயம் அல்ல. மாதம் பிறந்தால் விற்றாக வேண்டும், வேறு வழி இல்லை.

இதே சரிவு இளைஞர் ஒருவருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. முறையில் 6,000 ரூபாய் கட்டுகிறார். விலை 100 ஆக இருந்தபோது 60 யூனிட் கிடைத்தது. 60 ஆகச் சரிந்தபோது 100 யூனிட் கிடைக்கிறது. மலிவாக வாங்கிச் சேர்க்கிறார். அவர் மலிவாக வாங்கும் யூனிட்டுகளை மலிவாக விற்பவர்களில் நம் ஓய்வூதியரும் ஒருவர். ஒரே நாள், ஒரே சரிவு. முப்பது வயதுக்காரருக்கு அது வாய்ப்பு, அறுபது வயதுக்காரருக்கு அரிப்பு. ஆகவே 'பங்குச்சந்தை நல்லதா, கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. பணம் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பதைப் பொறுத்து விடை நேர்மாறாகிவிடும்.

ஆபத்து ஓய்வு நாளன்றுதான் தொடங்குகிறது என்றும் நினைக்க வேண்டாம். முப்பது வயதில் 2 லட்சம் சேர்த்தவருக்கு 40 சதவீதச் சரிவு 80 ஆயிரம் ரூபாய் இழப்பு. ஐம்பத்தொன்பதில் 80 லட்சம் சேர்த்தவருக்கு அதே 40 சதவீதம் 32 லட்சம். முப்பது ஆண்டு உழைப்பு ஒரே இடத்தில் குவிந்து, ஈடுசெய்ய ஆண்டுகள் மிச்சமில்லாத காலம் அது. ஓய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளும் பிந்தைய ஐந்து ஆண்டுகளும்தான் ஒருவரின் சேமிப்புக்கு மிகவும் எளிதில் காயம்படக்கூடிய காலம்.

பிறந்த ஆண்டு என்னும் குலுக்கல்

இவையெல்லாம் தாளில் போட்ட கணக்குகள். வரலாறு இவற்றைவிடக் கடுமையாகவே நடந்திருக்கிறது.

ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. பிறகு சரியத் தொடங்கி, 2009 மார்ச்சில் ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. 1989-இன் உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. 34 ஆண்டுகள். இடையில் கிடைத்த ஈவுத்தொகையைச் சேர்த்தால் இழப்பு ஓரளவு குறையும். ஆனாலும் 1989-இல் அறுபது வயதில் ஓய்வு பெற்ற ஜப்பானியர் ஒருவர், குறியீடு பழைய இடத்துக்கு வருவதைப் பார்க்க 94 வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டும். ஜப்பான் அப்போது நொடித்துப்போன நாடு அல்ல. உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம்.

அமெரிக்காவில் டவ் ஜோன்ஸ் குறியீடு 1966 பிப்ரவரியில் ஆயிரம் புள்ளிகளைத் தொட்டுவிடும் நிலையில் இருந்தது. அடுத்த பதினாறு ஆண்டுகள் அந்த எண்ணைச் சுற்றியே ஏறி இறங்கியது. 1973 ஜனவரியிலிருந்து 1974 டிசம்பருக்குள் ஏறத்தாழ 45 சதவீதம் விழுந்தது. ஆயிரத்தைத் தாண்டி நிலைத்தது 1982-இன் பிற்பகுதியில்தான். அதற்குள் அந்நாட்டில் விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. திடீர் வீழ்ச்சி செய்தியாகிறது. இப்படிப்பட்ட தேக்கம் செய்தியாவதே இல்லை, ஆனால் சேமிப்பைக் கரைப்பதில் அது சளைத்ததல்ல.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்து உச்சத்தில், 1992 ஏப்ரலில், சென்செக்ஸ் 4,467. பதினோரு ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில், அது மூவாயிரத்துக்கும் கீழே இருந்தது. இடையில் பழைய உச்சத்தைத் தாண்டி, 2000-இல் ஆறாயிரத்தையும் தொட்டு, மீண்டும் விழுந்தது. 1992-இல் ஓய்வுப் பணத்தைப் பங்குகளில் போட்டு, மாதாமாதம் விற்றுச் சாப்பிட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நாம் இப்போது ஊகிக்க முடியும்.

இன்று முதலீட்டுக்கு வரும் தலைமுறை பார்த்தவை வேறு வகைச் சரிவுகள். 2008 ஜனவரியில் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு இறங்கியது. 2010 நவம்பருக்குள் பழைய இடத்தைத் தொட்டுவிட்டது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981-இல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 47,000-ஐத் தாண்டியது. விரைவில் மீண்ட சரிவுகளையே பார்த்துப் பழகியதால், எல்லாச் சரிவும் விரைவில் மீளும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. 1992 முதல் 2003 வரை சேமிப்பை விற்று வாழ்ந்தவர்களின் அனுபவம் இந்த எண்ணத்தில் இல்லை.

இந்தக் குலுக்கலை முதலில் விரிவாகக் கணக்கிட்டவர்களில் ஒருவர் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன். விமானப் பொறியியல் படித்து, குடும்பத்தின் குளிர்பானத் தொழிலில் இருந்துவிட்டு, பிறகு ஆலோசகரானவர். ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால் பணம் தீராது என்று வாடிக்கையாளர்கள் கேட்டபோது, சராசரியை வைத்துப் பதில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. 1926 முதலான சந்தைத் தரவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்து, அவருடைய பணம் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று தனித்தனியே போட்டுப் பார்த்தார். 1994 அக்டோபரில் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவு இது: பணத்தில் பாதியோ அதற்குச் சற்று மேலோ பங்குகளில், மீதி அரசுக் கடன்பத்திரங்களில் வைத்து, முதலாண்டு 4 சதவீதம் மட்டும் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டால், மிக மோசமான ஆண்டில் ஓய்வு பெற்றவருக்கும் முப்பது ஆண்டு தாங்கியிருக்கும்.

4 சதவீதம் என்பதன் பொருளை நம் கணக்கில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 50 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம். மாதம் 16,667 ரூபாய். அந்தச் சந்தையின் நீண்டகாலச் சராசரி ஏற்றமோ இதைவிட மிக அதிகம். அந்தச் சராசரிக்கும் இந்த 4-க்கும் உள்ள இடைவெளிதான் மோசமான வரிசைக்கு எதிராக ஒருவர் கட்ட வேண்டிய விலை. பெங்கனின் எண் அமெரிக்க வரலாற்றுக்கு உரியது. நம் சந்தைக்கும் நம் விலைவாசிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேள்வி கேட்ட முறை எல்லா நாட்டுக்கும் பொருந்தும். சராசரியாக என்ன நடக்கும் என்று அவர் கேட்கவில்லை, மிக மோசமான ஆண்டில் ஓய்வு பெற்றவர் என்ன ஆனார் என்று கேட்டார்.

காலம் ஆபத்தைக் கரைக்குமா?

'நீண்ட காலம் வைத்திருந்தால் ரிஸ்க் இல்லை' என்பது முதலீட்டு உலகில் அதிகம் கேட்கும் வாக்கியம். இதில் பாதி உண்மை இருக்கிறது. சந்தை ஓராண்டில் சராசரியிலிருந்து 20 சதவீதம் மேலோ கீழோ விலகுவது வழக்கம் என்று கொள்வோம். 25 ஆண்டுகளின் சராசரியை எடுத்தால் அந்த விலகல் ஆண்டுக்கு 4 சதவீதமாகக் குறைந்துவிடும். ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் வகுபடுவது புள்ளியியல் விதி. காலம் கூடக் கூடச் சராசரி நிதானமாகிறது என்பது சரிதான்.

ஆனால் சராசரியைக் கொண்டு யாரும் அரிசி வாங்க முடியாது. வாங்குவது கையில் உள்ள தொகையைக் கொண்டு. ஆண்டுக்கு 4 சதவீதம் என்ற சின்ன விலகல் 25 ஆண்டு கூட்டு வட்டியில் என்ன ஆகிறது? 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 1 கோடியே 70 லட்சம். 8 சதவீதம் வளர்ந்தால் 68 லட்சம். 4 சதவீதம் என்றால் 27 லட்சத்துக்கும் குறைவு. சராசரியின் விலகல் சுருங்கச் சுருங்க, தொகையின் விலகல் விரிந்துகொண்டே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் இதில் உள்ள வியப்பு. பொருளாதார நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சன் 1963-லேயே இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார். ஆபத்தான பந்தயத்தைப் பலமுறை ஆடினால் ஆபத்து தானாகக் கரைந்துவிடாது, அடுக்கடுக்காகச் சேரும் என்பது அவர் வாதம்.

ஜிவி போடி என்ற பொருளாதார அறிஞர் 1995-இல் இதைக் காப்பீட்டின் வழியாகச் சோதித்தார். பங்குகளில் போட்ட பணம், ஆபத்தில்லாத வட்டியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடக் குறைந்தால், குறையும் பணத்தை ஈடுகட்டித் தரும் ஒரு காப்பீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். காலம் செல்லச் செல்ல ஆபத்து குறையுமானால், இருபது ஆண்டுக் காப்பீடு ஓராண்டுக் காப்பீட்டைவிட மலிவாக இருக்க வேண்டும். ஆப்ஷன் என்னும் சந்தை ஒப்பந்தங்களை விலையிடும் கணிதத்தை வைத்துப் பார்த்தபோது நேர்மாறான விடை வந்தது. காலம் நீள நீள அந்தக் காப்பீட்டின் விலை ஏறிக்கொண்டே போனது. இழப்பு வரும் வாய்ப்பு குறையலாம். ஆனால் வந்தால் அதன் அளவு மிகப் பெரிதாக இருக்கும், அந்த அளவையும் சேர்த்துத்தான் காப்பீடு விலை கேட்கிறது.

ஆபத்தை யார் சுமப்பது?

ஒருவருக்கு ஒரே பிறந்த ஆண்டு, ஒரே ஓய்வு நாள். அவருக்கு வாய்க்கும் வரிசையும் ஒன்றுதான். பல தலைமுறைகளின் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பொது நிதிக்கு அப்படி அல்ல. ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே மாதத்தில் வேலை பார்க்கிறவர்களின் சந்தா உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சரிந்த விலையில் விற்க வேண்டிய கட்டாயம் அதற்கு மிகக் குறைவு. வரிசை ஆபத்தை உண்மையாகவே குறைக்கும் வழி இப்படிப் பகிர்ந்துகொள்வதுதான்.

நம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியே இதற்கு எடுத்துக்காட்டு. 2015 ஆகஸ்டிலிருந்து அதன் பணமும் பங்குச்சந்தைக்குப் போகிறது. புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதம் என்று தொடங்கி 15 சதவீதம்வரை உயர்ந்தது. ஆனால் உறுப்பினரின் பாஸ்புக்கில் சென்செக்ஸ் ஆடுவதில்லை. ஆண்டுக்கொரு வட்டி அறிவிக்கப்படுகிறது. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு அது 8.25 சதவீதம். சந்தையின் குலுக்கலைக் கோடிக்கணக்கான கணக்குகள் சேர்ந்து தாங்குகின்றன.

தேசிய ஓய்வூதியத் திட்டம் வேறு அடித்தளத்தில் எழுந்தது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு, கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்றிருந்த பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாக இது வந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு, ஏறினாலும் இறங்கினாலும் அவருடையது. இந்த மாற்றத்தில் அரசின் சுமை குறைந்தது. ஆபத்து மறையவில்லை, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது. இருபது ஆண்டு நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்து, 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்கு, கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை மீண்டும் உறுதி செய்தது. ஊழியர்கள் கேட்டது அதிக லாபம் அல்ல, எண் மாறாத ஓய்வூதியம்.

சிலி நாட்டின் பாதையும் இதைத்தான் காட்டுகிறது. ராணுவ ஆட்சி நடந்த 1981-இல் அந்நாடு பொது ஓய்வூதியத்தைத் தனியார் நிறுவனங்கள் நிர்வகிக்கும் தனிக்கணக்குகளாக மாற்றியது. ராணுவத்தினரோ பழைய முறையிலேயே இருந்துகொண்டனர். 2008 நெருக்கடியில் பங்குகள் அதிகம் இருந்த நிதிப் பிரிவு ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. அதே 2008-இல், போதிய சேமிப்பு இல்லாத முதியோருக்கு அரசே தரும் அடிப்படை ஓய்வூதியத்தைச் சிலி சட்டமாக்கியது. 2025-இல் இயற்றிய சீர்திருத்தம், முதலாளிகளும் ஊழியர்களின் ஓய்வூதியத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 2005-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், தொழிலாளர்கள் சமூகப் பாதுகாப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் தனிக்கணக்கில் சந்தை முதலீடாக மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 57 சதவீதம் விழுந்தது. அந்த மாதங்களில் அமெரிக்க முதியோரின் சமூகப் பாதுகாப்புத் தொகை ஒரு டாலரும் குறையவில்லை.

அப்படியானால் பங்கே வேண்டாமா?

அப்படிச் சொன்னால் இன்னொரு ஆபத்தை மறைத்தவனாவேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். 25 ஆண்டில் நான்கு மடங்கைத் தாண்டும். அறுபதில் மாதம் 30,000 போதும் என்றிருந்த குடும்பத்துக்கு எண்பத்தைந்தில் 1 லட்சத்து 28 ஆயிரம் தேவைப்படும். வங்கி வட்டி மட்டுமே அந்த ஏற்றத்தைத் தொடர்ந்து எட்டிப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. எஃப்.டி. முதிர்ந்து புதுப்பிக்கும்போது வட்டி குறைந்திருப்பதைப் பார்த்து ஏமாந்த மூத்த குடிமக்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு தேவைப்படும் பணத்துக்குப் பங்குகளின் வளர்ச்சி தேவை. விரைவில் தேவைப்படும் பணத்துக்கு அந்த ஆட்டம் ஆகாது.

முதலில் பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்தை மாறாத 6 சதவீத வட்டியில் போட்டு, அதே 4 லட்சத்தை எடுத்திருந்தால் பத்தாண்டு முடிவில் 33 லட்சத்துக்கும் மேல் மிஞ்சியிருக்கும். சராசரி 7 சதவீதம் கண்ட முதலாமவரின் கையில் எதுவுமில்லை. வட்டி ஒரு சதவீதம் குறைவு, ஆனால் ஆட்டமில்லை. பணம் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஆட்டமின்மைக்கே ஒரு மதிப்பு உண்டு என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து சில நடைமுறைகள் பிறக்கின்றன. அடுத்த ஐந்து ஆறு ஆண்டுச் செலவைப் பங்குச்சந்தைப் பக்கம் கொண்டுபோகாமல் வங்கி எஃப்.டி.யிலும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்பிலும் வைத்துக்கொண்டால், சரிவில் யூனிட் விற்கும் கட்டாயம் வராது. மளிகை, மருந்து, வாடகை போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு ஓய்வூதியம் அல்லது ஆயுள் முழுவதும் தரும் ஆன்யூட்டி போன்ற உறுதியான வருமானம் இருந்தால், மீதிப் பணம் பொறுத்திருக்க முடியும். சரிவு வந்த ஆண்டில் பயணத்தையும் பெரிய செலவையும் தள்ளிப்போட்டால், எடுக்கும் தொகை குறைந்து, விற்கும் யூனிட்டும் குறையும். ஓய்வு நெருங்க நெருங்கப் பங்குகளின் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் மிதமான வாழ்நாள் பிரிவு இதைத் தானாகவே செய்கிறது. 35 வயதுவரை 50 சதவீதமாக இருக்கும் பங்கு முதலீடு ஆண்டுதோறும் குறைந்து, 55 வயதில் 10 சதவீதமாகிறது.

இவற்றில் எதுவும் சந்தையைக் கணிக்கும் வித்தை அல்ல. சரிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, எப்போது வந்தாலும் விற்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள்தாம் இவை.

ஓய்வுப் பணம் கைக்கு வரும் வாரத்தில் வங்கி மேலாளர் முதல் உறவினர் வரை பலர் ஆலோசனை சொல்ல வருவார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளின் சராசரி ஏற்றத்தை அழகான வரைபடமாகக் காட்டுவார்கள். அந்த எண் பொய்யாக இருக்காது. அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'நான் பணம் எடுக்கத் தொடங்கும் முதல் மூன்று ஆண்டுகளிலேயே சந்தை பாதியானால், எனக்கு எண்பது வயதாகும்போது கணக்கில் எவ்வளவு இருக்கும்?' ரூபாயில் விடை கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகையில் உங்கள் குடும்பம் நடக்கும் என்றால் துணிந்து போடலாம். நடக்காது என்றால், எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் சந்தைக்குப் போக வேண்டிய பணம்.